சேமநிதிப் பாரத்தில் யார் பெயர் இருக்கிறது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு நாம் போயிருந்தோம். கருமாதி முடிந்து எட்டு மாதம் ஆன வீடு. சாமி மேடைக்குப் பக்கத்தில் மாலை போட்ட படம். அந்த வீட்டு அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்தார். அதற்குள் இறந்துபோன கணவரின் ஐ.சி. நகல், மரணப் பத்திரம், இருபது வருஷத்துச் சம்பளச் சீட்டுகள், சேமநிதிக் கணக்கு அறிக்கைகள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன.

“எல்லாக் காயிதமும் பத்திரமா வச்சிருக்கேன் தம்பி. அப்புறம் எது இல்லைன்னு பணம் தரமாட்டேங்கிறாங்க?” என்று கேட்டார்.

நாம் தேடிப் பார்த்தோம். இரண்டு காகிதங்கள் இல்லை. ஒன்று, கணவர் தம் மனைவியின் பெயரைச் சேமநிதியில் வாரிசாக எழுதிக் கொடுத்த பாரம். மற்றொன்று, திருமணப் பதிவுப் பத்திரம். இந்த இரண்டும் இல்லாததால், அறுபதாயிரம் வெள்ளிக்குச் சற்று மேலே உள்ள ஒரு தொழிலாளியின் ஆயுட்கால உழைப்பு, உரியவர் கைக்கு வராமல் நிற்கிறது.

அந்தக் குடும்பம் செபராங் பிறையில் ஒரு தோட்டத்திலிருந்து வந்தது. கணவர் இளம் வயதில் கித்தா மரம் சீவியவர். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது, குலை வெட்டினார். அதன் பின் தோட்டமே வீடமைப்புக்கு விற்கப்பட்டது. லயத்தை விட்டுப் பாலம் கடந்து தீவுக்கு வந்து ஜெலுத்தோங்கில் வாடகைக்கு இருந்து, காவலாளி வேலை பார்த்தார். (ஜெலுத்தோங் என்பதே ஒரு பால்மரத்தின் பெயர்தான். பால்மரத்தை விட்டு வந்தவர்களை அந்தப் பெயர் விடவில்லை.) 54 வயதில் ஒருநாள் இரவு வேலைக்குப் போனவர் நெஞ்சு வலி வந்து சாய்ந்துவிட்டார்.

சேமநிதி அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியானது. வாரிசாக ஒரு பெயர் இருந்தது. அது மனைவியின் பெயர் அல்ல. கணவருடைய தாயாரின் பெயர். அந்தத் தாயார் மகனுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

இது எப்படி நடந்தது என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குச் சேருவான். ஆபீசில் கிராணியார் ஒரு பாரத்தை எடுத்து, “டேய், யார் பேர் போடணும்?” என்று கேட்பார். “எங்க அம்மா பேரு போடுங்க சார்” என்பான் பையன். கட்டைவிரலை மையில் தேய்த்து ஒரு ரேகை வைப்பான். அதோடு சரி. பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், தோட்டம் மாறும், வேலை மாறும், தலை நரைக்கும். அந்தப் பாரம் மட்டும் மாறாது. நம் தகப்பனாரின் பாரத்திலும் நம்முடைய பாட்டியின் பெயர்தான் வெகுகாலம் இருந்தது. சங்க வேலைக்கு வந்த பிறகுதான் அதை நாம் கண்டுபிடித்து மாற்றச் சொன்னோம். ஆகவே, ஊருக்கு உபதேசம் செய்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஊழியர் சேமநிதி 1951 அக்டோபரில் தொடங்கியது. ஆரம்பத்தில் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி கொடுப்பது 5. இன்று தொழிலாளிக்கு 11; ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குவோருக்கு முதலாளி கட்டுவது 13. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு, அவர் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மாதம் 408 வெள்ளி உள்ளே போகிறது. வெயிலிலும் மழையிலும் சேர்த்த காசு இது. நிலமும் வீடும் இல்லாத நம் குடும்பங்களுக்கு இதை விட்டால் வேறு சொத்து ஏது?

இந்தச் சொத்து கைமாறும் விதத்தை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தாதாரர் ஒருவர் இறந்தால், பாரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் போகும். முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில், பெயர் எழுதப்பட்டவர் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரராகவே ஆகிவிடுகிறார். அண்ணன் பெயர் இருந்தால் அண்ணனுக்குத்தான். அவர் மனமிரங்கித் தம்பி மனைவிக்குக் கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் சட்டப்படி அவரைக் கேட்க முடியாது. உயில் எழுதி வைத்திருந்தாலும் அந்த உயில் சேமநிதிப் பாரத்தை அசைக்காது. முஸ்லிம் தோழர்களுக்கு வேறு முறை: பெயர் எழுதப்பட்டவர் பணத்தை வாங்கி, பராயிட் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

கல்யாணம் ஆனால் பழைய பாரம் தானாக அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழியாது. மணமுறிவு ஆனாலும் அழியாது. நீங்களே போய் மாற்றினால்தான் மாறும், அல்லது பெயர் எழுதப்பட்டவர் உங்களுக்கு முன்னால் இறந்துவிட்டால் அந்தப் பெயர் செல்லாமல் போகும். ஜெலுத்தோங் அம்மாவுக்கு நேர்ந்தது இந்தக் கடைசி வகை. தாயார் போய்விட்டதால், யார் பெயரையுமே எழுதாதவர் கணக்கு மாதிரி ஆகிவிட்டது.

பெயர் இல்லாத கணக்கில் சிறு தொகை என்றால் நெருங்கிய உறவினருக்குக் கொடுத்துவிடுவார்கள். 25,000 வெள்ளிக்கு மேலே போய்விட்டால், ஒரு பகுதியைத் தவிர மீதிக்கு நீதிமன்றத்திலிருந்தோ அமானா ராயாவிலிருந்தோ அதிகாரப் பத்திரம் வாங்கிவர வேண்டும். அங்கேதான் இரண்டாவது காகிதம் குறுக்கே வந்து நிற்கிறது.

அவர்கள் கல்யாணம் 1998இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. ஊரே சாப்பிட்டது. தாலி கட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் நூறு பேர் இருப்பார்கள். ஆனால், பதிவு செய்யவில்லை. “சாமி சன்னதியில கட்டின தாலிக்குச் சிஜில் எதுக்குன்னு எங்க மாமனார் சொல்லிட்டாரு தம்பி” என்றார் அந்த அம்மா.

1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு நம் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தவை பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத கல்யாணத்தில் மனைவி என்பவர், தாம் மனைவி என்பதையே நிரூபிக்க வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் உரிமைக்கும் அதே சிக்கல்தான். அந்த நேரம் பார்த்து, பத்து வருஷமாக வாசல் மிதிக்காத உறவினர்கள் எல்லாம் “எங்களுக்கும் பங்கு உண்டே” என்று வந்து உட்காருவார்கள். இங்கேயும் வந்தார்கள். அதை விவரிக்க நாம் விரும்பவில்லை.

பதிவு இருந்திருந்தால் கதை வேறு. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தைப் பங்கிட 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது, 1997இல் திருத்தப்பட்டது. அதன்படி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. முழுப் பணமும் மனைவிக்கு வராது என்பதைக் கவனிக்க வேண்டும். முழுவதும் மனைவிக்கே போய்ச் சேரவேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அதற்கு அவர் பெயரைப் பாரத்தில் எழுதுவதே வழி.

இதில் நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி ஒன்று உண்டு. பாரத்தில் மனைவியின் பெயரும் ஐ.சி. எண்ணும் இருந்துவிட்டால், பணம் வாங்கும் உரிமை அந்தப் பெயரிலிருந்தே பிறக்கிறது. கல்யாணப் பத்திரத்திலிருந்து அல்ல. பதிவு செய்யாத குடும்பத்துக்குக்கூட அந்த ஒரு பாரம் காவலாக நிற்கும். இதற்கு ஒரு காசு கட்டணம் இல்லை. அந்த அம்மாவின் கணவர் அரை நாள் லீவு போட்டுப் போயிருந்தால் போதும். அவர் கெட்டவர் அல்ல; குடும்பத்தை நேசித்தவர். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

யாரும் என்று சொல்லும்போது சங்கத்துக்காரர்களாகிய நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். சம்பளத்துக்காகவும் வீட்டுக்காகவும் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்! அந்தக் கூட்டங்களில், “உங்கள் சேமநிதியில் யார் பெயர் இருக்கிறது?” என்று கேட்டுக் கைதூக்கச் சொன்னது எத்தனை முறை? நமக்கு நினைவில்லை.

ஆனால், பழி முழுவதையும் தொழிலாளியின் அறியாமை மேலேயே போட்டுவிடுவதை நாம் ஏற்க முடியாது. மற்ற நாடுகளைப் பாருங்கள். இந்தியாவில் 1952ஆம் ஆண்டுச் சேமநிதித் திட்டத்தில், குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே யார் பெயரையும் எழுத முடியாது. கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர், கல்யாணம் ஆனதும் செல்லாது, புதிதாக எழுத வேண்டும் என்று விதியே இருக்கிறது. பாலம் தாண்டினால் சிங்கப்பூர். அங்கும் மத்திய சேமநிதியில் கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர் கல்யாணத்தோடு ரத்தாகிவிடுகிறது. இங்கே மட்டும் இருபது வயதில் வைத்த ரேகை அறுபது வயது வரை ஆள்கிறது. கல்யாணப் பதிவு நடந்தவுடன் பழைய பெயர் காலாவதியாக வேண்டும், புதிய பெயர் எழுதும்படி கடிதம் வர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்துவதில் என்ன கஷ்டம்? பதிவு இலாகாவும் அரசாங்கத்தினுடையது, சேமநிதியும் அரசாங்கத்தினுடையது. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டியதுதானே.

“அப்படியானால் பெற்ற தாய்க்கு ஒன்றும் கிடையாதா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தாயைக் கைவிடச் சொல்லி நாம் எழுதவில்லை. பாரத்தில் பல பேரை எழுதி, இவருக்கு இத்தனை விழுக்காடு என்று பிரித்துக் காட்டலாம். மனைவிக்கு 70, தாய்க்கு 30 என்று எழுதினால் பிற்பாடு மாமியாரும் மருமகளும் வழக்கு மன்றத்தில் முகம் பார்க்க வேண்டியதில்லை.

பணம் சரியாக வந்து சேர்ந்த வீட்டின் கதையையும் சொல்ல வேண்டும். நிபோங் திபால் பக்கம் நமக்குத் தெரிந்த ஓர் அக்கா. அவர் கணவர் விவரமான மனிதர். பிள்ளை பிறந்ததுமே பெயரை மாற்றி எழுதிவிட்டார். அவர் இறந்ததும் சேமநிதிப் பணம் சிரமம் இல்லாமல் அக்காவின் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. நாற்பதாயிரம் சொச்சம். ஒரே தொகை. தோட்டத்தில் செய்தி பரவ எவ்வளவு நேரம்? கொழுந்தனுக்கு வியாபாரம் தொடங்க எட்டாயிரம் கைமாற்று. மகனுக்கு மோட்டார். கருமாதி விருந்துக் கடன். யாரோ சொன்னார்கள் என்று ஒரு முதலீட்டுத் திட்டத்தில் ஐயாயிரம். ஒன்றரை வருஷத்தில் பாஸ் புத்தகத்தில் மிச்சம் முந்நூறு வெள்ளி. “பணம் இருந்தப்ப எல்லாருக்கும் நான் அண்ணி. இப்ப நான் யாரோ” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு நமக்குச் சிரிப்பாக இல்லை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு தொல்லை உண்டு. அங்கே கணவரின் ஓய்வுக்காலக் கணக்கை மனைவி தம் சொந்தக் கணக்காகவே மாற்றி வைத்துக்கொள்ளலாம். பணம் உள்ளேயே வளரும். அதற்கு வரி பின்னால்தான் என்பதால், என்றைக்கும் எடுக்காமல் வைத்திருக்க அரசாங்கம் விடுவதில்லை. ஒரு வயது வந்ததும் வருஷா வருஷம் குறைந்தபட்சம் இத்தனை என்று எடுத்தே ஆக வேண்டும். 2023 முதல் அந்த வயது 73. எடுக்காமல் விட்டால் விட்ட தொகையில் நூற்றுக்கு 25 அபராத வரி. அவர்கள் விதவைக்குச் சட்டம் சொல்வது, “எடு அம்மா, கொஞ்சம் கொஞ்சமாக எடு.” நம் வீட்டு விதவைக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முழுத் தொகையும் ஒரே நாளில் கையில் விழுகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற வார்த்தை அந்தத் துக்கத்தில் யார் காதில் ஏறும்?

ஆகவே, பணம் வந்த சகோதரிகளுக்கு நாம் சொல்வது இது. சேமநிதியில் உங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, வந்த பணத்தில் பெரும் பகுதியைச் சுய விருப்பச் சேமிப்பாகத் திரும்பப் போட முடியும். 2023 முதல் வருஷத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை போடலாம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அது போதும். அப்படிப் போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் முழுவதும் எடுக்க முடியாதே என்பது உண்மைதான். 2024 மே மாதத்திலிருந்து, 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் புதிய கட்டணத்தை மூன்று கணக்காகப் பிரித்து, நூற்றுக்கு 10 பங்கை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். வயதில் இளைய விதவைகள் அவசரத்துக்கு ஒரு தொகையை வெளியே வைத்துக்கொண்டு மீதியைப் போடுவதே நல்லது. கைமாற்றுக் கேட்டு வரும் கொழுந்தனிடம், “இ.பி.எப்.ல போட்டுட்டேன், எடுக்க முடியாது” என்று சொல்வது, “தரமாட்டேன்” என்று சொல்வதைவிடச் சுலபம்.

சொக்சோவையும் மறந்துவிடக் கூடாது. சேமநிதி வேறு, சொக்சோ வேறு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, சந்தா கட்டிய தொழிலாளி 60 வயதுக்குள் இறந்தால், தகுதி இருக்கும் பட்சத்தில், குடும்பத்துக்கு மாதா மாதம் பிழைத்திருப்போர் பென்ஷன் உண்டு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. வேலை விபத்தில் இறந்தால் அதற்குத் தனி உதவித் தொகை. “சேமநிதி வந்துட்டது, அவ்வளவுதான்” என்று சொக்சோ பக்கமே போகாத குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அதேபோல் சேமநிதியிலேயே 2,500 வெள்ளி மரண உதவி இருக்கிறது. இறந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ஜெலுத்தோங் அம்மா நம்மிடம் வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழும் தம்பதிகள் இப்போதும் பதிவு இலாகாவுக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம். பேரன் எடுத்த பிறகு எப்படிப் போவது என்று வெட்கப்படுகிறவர்கள் உண்டு. போன வருஷம் நாமே ஒரு தாத்தா பாட்டிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்ததும் தாத்தா எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பெருநகரக் கோயில்கள் பலவற்றில் இன்று துணைப் பதிவாளர்களே இருக்கிறார்கள். மிச்சமிருக்கிற தோட்டத்துக் கோயில்களின் தலைவர்கள், பதிவுப் பத்திரத்தைப் பார்க்காமல் மண்டபத்தைக் கொடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் அது பெரிய தர்மமாக இருக்கும்.

தோட்டங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சேமநிதியின் நடமாடும் சேவை அடிக்கடி வர வேண்டும் என்பது நம் அடுத்த கோரிக்கை. கைப்பேசியில் செய்யலாம், கணினியில் பார்க்கலாம் என்கிறார்கள். மரம் சீவிய கைக்கு மறைச்சொல் ஞாபகம் இருக்காது. ஆள் வந்து, தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, “அம்மா, யார் பேர் போடணும், எத்தனை பங்கு?” என்று கேட்டு எழுதும் வேலை இது.

ஜெலுத்தோங் அம்மாவின் விவகாரம் வழக்கறிஞர் கையில் இருக்கிறது. கோயில் தலைவரிடமிருந்தும் கல்யாணத்துக்கு வந்த பழைய தோட்டத்து ஆட்களிடமிருந்தும் சத்தியக் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். எவ்வளவு காலம் பிடிக்கும் என்று வழக்கறிஞர் வாக்குக் கொடுக்கவில்லை. பணம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஓடிப்போகாது. வாடகைதான் மாதம் தவறாமல் வருகிறது.

அன்று அந்த டின்னை மூடும்போது நாம் ஒரு கேள்வி கேட்டோம். “அக்கா, நீங்களும் தோட்டத்தில பதினாறு வருஷம் பால் வெட்டியிருக்கீங்க. உங்க சேமநிதியில யார் பேரு?”

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

மறுநாள் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு நம்மோடு கவுண்டருக்கு வந்தார். இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தார், ரேகை ஏறவில்லை. உளியும் கத்தியும் பிடித்துத் தேய்ந்த விரல். துடைத்துவிட்டு வைத்தார், மறுபடியும் ஏறவில்லை. அந்த அதிகாரிப் பெண் ஈரத்துணி கொடுத்து, “பெலான் பெலான், மாக்சிக்” என்றாள். மூன்றாவது முறை ஏறியது. மகள் பெயருக்கு 50, மகன் பெயருக்கு 50.